வா வா வா வாஆஆ, பா-டம்-ட்ஸ்: காமெடி சவுண்ட் மூணையும் நாமே செய்றது எப்படி

வீடியோல ஒருத்தன் பிளான் சொதப்புனா வர்ற அந்த "வா வா வா வாஆஆ", கடி ஜோக் முடிஞ்சதும் விழற "பா-டம்-ட்ஸ்", யாராச்சும் மேல இருந்து விழும்போது இறங்குற விசில், இது மூணையும் ஆடாசிட்டிங்கிற இலவச சவுண்ட் எடிட்டிங் சாஃப்ட்வேர்லயே செஞ்சுக்கலாம். ரெடிமேடா கிடைக்குதேன்னு கேப்பீங்க. கிடைக்கும், ஆனா அதோட நீளமும் வேகமும் வேற யாரோ வெச்சது, உங்க ஜோக்குக்குப் பொருந்தாது.

ஏன் பொருந்தணும்னா, இதெல்லாம் நேர்ல பாத்துப் பாத்து வாசிச்ச சவுண்ட். அமெரிக்காவுல 1880கள்ல இருந்து 1930கள் வரைக்கும் வாடெவில்னு மேடை நிகழ்ச்சிகள் ஓடுச்சு, மேடைக்குக் கீழ உக்காந்திருக்கிற டிரம்மர் காமெடியன் மேலயே கண்ணு வெச்சிருந்து, அவர் விழுந்தா ஒரு அடி, ஜோக் முடிஞ்சா ஒரு அடின்னு போடுவாரு. 1909ல லட்விக் சகோதரர்கள் வேகமான கால் பெடல் கொண்டுவந்ததும் பெரிய டிரம்மைக் கால் பாத்துக்கிச்சு, கைக்கு விசில், மணி, மரக்கட்டைன்னு எடுக்க நேரம் கிடைச்சுது. ஊமைப்பட தியேட்டர்லயும் இதே ஆளுங்கதான். 1927க்கு அப்புறம் பேசும் படம் வந்து அவங்க வேலை போச்சு, ஆனா அந்தக் கலை கார்ட்டூனுக்குள்ள போயிருச்சு. வார்னர் கார்ட்டூன்களுக்கு 1936ல இருந்து 1958 வரைக்கும் மியூசிக் போட்ட கார்ல் ஸ்டாலிங், அதுக்கு முன்னாடி ஊமைப்படத்துக்கு ஆர்கன் வாசிச்சவர்தான்.

சரி, வேலைக்கு வருவோம்.

1. பா-டம்-ட்ஸ்

டிரம்ல ரெண்டு அடி, அப்புறம் பெரிய டிரம்மும் சிம்பலும் ஒண்ணா. அவ்ளோதான். சாம்பிள் (ரெடியா இருக்கிற சவுண்ட் துணுக்கு) தேடும்போது ரிம்ஷாட்னு போட்டா பல இடத்துல விளிம்போட சேத்து அடிக்கிற ஒரே ஒரு அடிதான் வரும், அதனால ஸ்னேர் (சின்ன டிரம்), கிக் (பெரிய டிரம்), சிம்பல்னு தனித்தனியா எடுத்து அடுக்குங்க.

2. இறங்குற விசில்

ஜெனரேட் மெனுல சர்ப் (சுருதி ஏறி இறங்குற சத்தம்), சைன் அலை, 1200 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 400ல முடிங்க, லீனியரை மாத்தி லாகரித்மிக் வைங்க. நம்ம காது சுருதியை விகிதமா கேக்குறதால லீனியர்ல கடைசில மட்டும் தடால்னு விழற மாதிரி இருக்கும். நிஜ ஸ்லைடு விசில் ஒரு பக்கம் மூடின குழாய், உள்ள காத்து நிக்கிற நீளம் 17 செமீ இருந்தா சுமார் 500 ஹெர்ட்ஸ், பாதியாக்குனா 1000. இதைச் சில்லறை பொம்மைன்னு நினைக்காதீங்க, 1923ல கிங் ஆலிவரோட ஜாஸ் பேண்டுல லூயி ஆம்ஸ்ட்ராங் இதை ஊதி ரெக்கார்ட் ஆகியிருக்கு, 1925ல பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் ஒரு ஓபராவுலயே சேத்தாரு.

3. வா வா வா வாஆஆ

எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான், நிதானமா பாருங்க.

ஏதாவது ஒரு இலவச கீபோர்டு ஆப்ல டிராம்போன் வெச்சு டி, சி ஷார்ப், சி, பி, கறுப்புக் கட்டையையும் விடாம ஒவ்வொரு கட்டையா இறங்குங்க. முதல் மூணு நோட்டும் அரை அரை செகண்ட், கடைசி நோட்டு ரெண்டு செகண்ட். அதை ரெக்கார்ட் பண்ணி ஆடாசிட்டிக்குள்ள கொண்டுவந்து கேட்டா சோகமே இருக்காது, ஏன்னா அந்த "வா" சுருதில இல்ல. டிராம்போன் வாய்ல மூடியை வெச்சு மூடித் திறக்குறதுல வருது, ஜாஸ் ஆளுங்க குழாய் அடைப்பு எடுக்குற ரப்பர் பிளஞ்சரையே பிடுங்கி வெச்சு வாசிச்சாங்க, டியூக் எலிங்டன் பேண்டுல டிரிக்கி சாம் நான்டன் அதுல பேசவே வெப்பாரு.

ஆடாசிட்டில வாவா எஃபெக்ட் இருக்கு. மொத்த டிராக்கையும் செலக்ட் பண்ணிப் போட்டா அது தன் பாட்டுக்கு மூடித் திறக்கும், நோட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அதனால ஒரு நோட்டை மட்டும் செலக்ட் பண்ணுங்க, எல்எஃப்ஓ (மூடித் திறக்கிற வேகம்) 2 ஹெர்ட்ஸ், ஸ்டார்ட் ஃபேஸ் (சுத்து எந்த நிலைல ஆரம்பிக்கணும்ங்கிறது) 180. அரை செகண்டுல சரியா ஒரு சுத்து, மூடின நிலைல ஆரம்பிச்சு திறந்து திரும்ப மூடும். அடுத்த ரெண்டுக்கும் அதே மாதிரி தனித்தனியா. கடைசி நோட்டுக்கு மட்டும் 4 ஹெர்ட்ஸ், அந்த நடுக்கம்தான் சோகம். வாவா பெடல் பிளகின்னு காசு கொடுத்து எதுவும் வாங்காதீங்க, இது தாராளமா போதும்.

அப்டேட்: ஹெட்போன்ல கேட்டா சத்தம் காதுக்குக் காது தாவுதுன்னு கமெண்ட்ல நிறைய பேர் சொல்லியிருக்கீங்க. டிராக் ஸ்டீரியோவா இருந்தா இந்த எஃபெக்ட் இடது வலது ஃபேஸை வேணும்னே மாத்தி வைக்கும், ஒரு பக்கம் மூடும்போது இன்னொரு பக்கம் திறக்கும். எஃபெக்ட் போடுறதுக்கு முன்னாடியே டிராக்கை மோனோவாக்கிடுங்க, சரியாயிரும்.

4. வைக்கிற இடம்

டிரம்மை ஜோக்கோட கடைசி சொல் முடிஞ்ச உடனே வைங்க, தாமதிச்சா செத்துரும். டிராம்போனுக்கு நேர்மாறா, தோத்தவன் முகத்தை ஒரு செகண்ட் காட்டிட்டு அப்புறம் ஊதணும். சிம்பலோட வாலை அடுத்த ஆள் பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஃபேட் அவுட் பண்ணிடுங்க, இல்லனா அவர் முதல் வார்த்தை கேக்காது.