சிங்கப்பூரில் அரைத்தானியங்கி ஷாட்கன்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

சங்கத்தில் சேர்ந்தாயிற்று, உரிமம் வந்துவிட்டது, துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் இருக்கிறது. ஆனால் தோளில் சரியாக உட்காரவில்லை, 24 கிராம் தோட்டா போட்டால் நடுவில் நின்றுவிடுகிறது. பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் ட்ராப், ஸ்கீட் விளையாட்டுகளில் இந்த நிலையில் இருக்கும் புதியவர்களுக்கான குறிப்பு இது. உரிமம் வாங்குவது எப்படி, தோளில் எப்படி வைப்பது என்பதெல்லாம் பயிற்சியாளர் சொல்லியிருப்பார், இங்கே இல்லை.

ட்ராப் மட்டுமே சுடப்போகிறவர் அரைத்தானியங்கியே (ஒரு தோட்டா சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மேல்கீழ் இரட்டைக்குழல்தான் அந்தக் களத்துக்கு உரியது. பாரிஸ் 2024-இல் ட்ராப் சுட்ட புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்களைப் பாருங்கள். அந்த மட்டத்தில் அரைத்தானியங்கியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அரைத்தானியங்கியில் தோளில் விழும் உதை குறைவு, இரண்டாவது குண்டு சீக்கிரம், விலையும் பெரும்பாலும் குறைவு. தோள்வலிக்காரர்களுக்கும் பழகுபவர்களுக்கும் இது நல்ல துப்பாக்கிதான்.

முதலில் தாள்வேலை

இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை வேறு நாட்டுக்காரர்களுக்கானவை. குழல் 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, இறக்குமதிப் பாகங்கள் பத்துக்கு மேல் கூடாது என்பவை அமெரிக்க விதிகள். மேகசினில் (அடுத்த தோட்டாக்கள் நிற்கும் குழாயில்) இரண்டு தோட்டா, குழல் 24 அங்குலம் என்பது இங்கிலாந்துக் கணக்கு. இரண்டும் இங்கே செல்லாது. போதாக்குறைக்கு உள்ளூர்க் குறிப்புகளிலும் பல, 1913-ஆம் ஆண்டின் ஆயுத, வெடிபொருள் சட்டத்தை வைத்து எழுதியவை. அதன் இடத்துக்கென 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் புதிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பழைய குறிப்பில் "இதற்கு அனுமதி வேண்டாம்" என்று இருந்தால் நம்பாதீர்கள். துப்பாக்கியைச் செய்வதற்கான கணினி வரைபடக் கோப்பை அனுமதியில்லாமல் வைத்திருப்பதையே புதிய சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே "பாகத்தை நானே முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்கிறேன்" என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, சட்டவிரோதமாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. பையடியில் மறந்துபோன ஒரு தோட்டா கூட இங்கே சின்ன விஷயம் இல்லை. ரேஞ்சை (சுடும் களத்தை) விட்டுக் கிளம்பும்போது பை, சட்டைப்பை, கார் இருக்கை மூன்றையும் பாருங்கள். சுட்ட தோட்டாவின் காலி ஓட்டையும் நினைவுப்பொருளாக எடுத்துப் போகாதீர்கள், குறிப்பாக மறுநாள் சாங்கி விமான நிலையம் வழியாகப் பயணம் இருந்தால்.

எதை மாற்றலாம் என்பதற்கு நான் சொல்லும் வழி, துப்பாக்கியை மூன்று பகுதியாகப் பார்ப்பது.

குழல், ரிசீவர் (இயக்கப் பாகங்கள் இருக்கும் நடு உடல்), போல்ட் (தோட்டாவின் பின்னே அறையை மூடித் திறக்கும் பாகம்), விசைத் தொகுதி: கை வைக்க வேண்டாம். அறுப்பது, துளைப்பது, ராவுவது, வேறொன்றை வாங்கிப் பொருத்துவது எதுவும் வேண்டாம். பழுது என்றால் சங்கத்தின் ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளரிடம் போங்கள். அவர் உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரைக் காட்டுவார்.

சோக், ஷிம், தோள் ரப்பர், மேகசின் அடைப்பு, ஓ-ரிங், சுருள்வில்: கேட்டுவிட்டு மாற்றலாம். "கேட்டுவிட்டு" என்றால் வாய்வார்த்தை இல்லை. பாகத்தின் எண், படம், உங்கள் துப்பாக்கியின் மாடல் மூன்றையும் போட்டுக் கிடங்குப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருக்குத் தெளிவில்லை என்றால் காவல்துறையின் உரிம, ஒழுங்குமுறைப் பிரிவுக்கு எழுதுங்கள். பதில் வந்த பிறகு ஆர்டர் போடுங்கள். வெளிநாட்டுக் கடை "சிங்கப்பூருக்கும் அனுப்புவோம்" என்பது அவர்கள் வசதிக்குச் சொல்வது. பார்சல் சுங்கத்தில் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

சுத்தம் செய்வது: தாராளமாக, ஆனால் கிடங்கின் மேசையில், பொறுப்பாளர் கண்முன்னே. வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலை எதுவுமே இல்லை.

சோக்

சோக் என்பது குழல் வாயில் திருகும் குறுகல். 12 கேஜ் அளவுக் குழலில் ஸ்கீட் சோக்கின் குறுகல் சுமார் 0.13 மி.மீ., இம்ப்ரூவ்ட் சிலிண்டர் 0.25, மாடிஃபைட் 0.5, ஃபுல் 0.9 முதல் 1 வரை. ஸ்கீட்டுக்கு முதலாவது, ட்ராப்புக்குக் கடைசி, அல்லது அதற்கு ஒருபடி கீழே. புதியவர் இரண்டு சோக்குக்கு மேல் வாங்குவது வீண்செலவு.

பெரெட்டாவில் மட்டும் மொபில்சோக், ஆப்டிமா, ஆப்டிமா எச்.பி. என்று பல திருகுக் குடும்பங்கள் உண்டு. ஒன்று மற்றதில் ஏறாது. ஏறுவதுபோல் இரண்டு சுற்றுப் போய் இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழலின் பக்கவாட்டில் எந்த வகை என்று பொறித்திருக்கும்.

திருகில் செம்புப் பசை மெல்லிய பூச்சாக. நம் ஊர்ப் புழுக்கத்தில் சோக்கை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் துரு பிடித்து, சாவிக்கும் மசியாது. சுடும் நாளில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும், அதாவது 25 தட்டுக்கு ஒருமுறை, துப்பாக்கியைத் திறந்து காலி என்று பார்த்த பிறகே, கையால் திருகிப் பாருங்கள். தளர்ந்த சோக்கில் சுட்டால் குழல் வாய் வீங்கும். சோக்கே இல்லாமல் சுட்டால் திருகு அரிந்துபோகும்.

கட்டையும் ஷிம்மும்

இந்த இடத்தில்தான் பலர் கட்டையை, அதாவது தோளில் வைக்கும் பின்பகுதியை, உடைக்கிறார்கள்.

நீளம் முதலில். விசையிலிருந்து தோள் ரப்பரின் நடு வரை அளந்தால் கடைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் 36, 37 செ.மீ. இருக்கும். அது ஐரோப்பிய உடம்புக்கான அளவு. துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது பெருவிரல் முட்டிக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். நீளமாக இருந்தால் ரப்பருக்குப் பின்னுள்ள இடைத்தகட்டைக் கழற்றுங்கள், அல்லது மெல்லிய ரப்பர் போடுங்கள். ரப்பரின் இரண்டு திருகும் உள்ளே புதைந்திருக்கும். திருப்புளி முனையில் சோப்பு தடவி நுழைத்தால் ரப்பர் கிழியாது. மின் திருப்புளி வேண்டவே வேண்டாம்.

ரப்பர் கழன்றதும் கட்டைக்குள் ஆழத்தில் ஒரு நட் தெரியும். பல இத்தாலியத் துப்பாக்கிகளுக்கு 13 மி.மீ. ஆழச் சாக்கெட்டும் நீட்டிப்பும் பொருந்தும். போட்டுப் பார்த்துவிட்டுத் திருகுங்கள். டி வடிவக் கைப்பிடி இருந்தால் நல்லது. ராட்செட்டில் எவ்வளவு இறுக்குகிறோம் என்று கை உணராது.

கட்டைக்கும் ரிசீவருக்கும் நடுவே இருக்கும் தட்டுதான் ஷிம். அதில் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் கட்டையின் இறக்கம், எழுத்து வலமா இடமா என்பது. வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். எல்லாரும் ஷிம்மை மாற்றுகிறார்கள், நட்டை இறுக்குகிறார்கள், முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். கட்டையின் உள்ளே, நட்டுக்கு அடியில் இன்னொரு பூட்டுத்தட்டு இருக்கிறது. ஷிம் எந்தக் கோணமோ, பூட்டுத்தட்டும் அதே கோணத்தில் இருக்க வேண்டும். அது பழைய கோணத்திலேயே இருந்தால் நட் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. சில நூறு தோட்டா போனதும் பிடியருகே மரத்தில் மயிரிழைக் கீறல் விழும், பிறகு பிளவு. நட்டை இறுக்கும்போது கட்டை ஒரு பக்கம் சாய்ந்து வந்தாலோ, ரிசீவர் விளிம்பில் இடைவெளி ஒருபக்கம் மட்டும் தெரிந்தாலோ பூட்டுத்தட்டு தவறு என்று பொருள். கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எவ்வளவு மாற்றுவது? கண் ஒரு மி.மீ. உயர்ந்தால் 36 மீட்டரில் ரவை (தோட்டாவிலிருந்து பறக்கும் சிறு குண்டுகள்) சுமார் மூன்றரை முதல் நான்கு செ.மீ. மேலே போகும். ஷிம்மின் எண்ணில் 5 மி.மீ. வித்தியாசம் என்றால் அது கட்டையின் பின்முனையில் அளந்தது. கன்னம் படும் இடத்தில் அதைவிடக் குறைவாகவே மாறும். அதனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு படி. சுட்டுப் பார்த்துவிட்டு அடுத்தது.

கட்டை கழன்றிருக்கும்போதே இன்னொன்றையும் முடித்துவிடுங்கள். பல மாடல்களில் போல்ட்டைத் திரும்ப முன்னே தள்ளும் சுருள்வில் கட்டைக்குள் இருக்கும் குழாயில் ஒளிந்திருக்கிறது. யாரும் அதைத் துடைப்பதில்லை. ஈரமும் பழைய எண்ணெயும் சேர்ந்து பிசுக்காகி, போல்ட் முழுதாக மூடாமல் நிற்கும். வில்லை எடுக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், பாய்ந்து வரும். துணியால் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவிய விரலால் வருடினால் போதும்.

24 கிராமில் ஏன் நிற்கிறது

பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் விதிகளில் ரவை எடை 24.5 கிராமுக்கு மேல் போகக்கூடாது, ரவை 2.6 மி.மீ.க்கு மேல் இருக்கக்கூடாது. அரைத்தானியங்கிகளில் பல, வாத்து வேட்டைக்கான கனத் தோட்டாவையும் மனதில் வைத்துச் செய்தவை. 89 மி.மீ. அறை (தோட்டா உட்காரும் இடம்) உள்ள வேட்டை மாடல்கள் 24 கிராமில் தடுமாறுவது சகஜம். வாங்கும் முன்பே இதைக் கேளுங்கள்.

வாயு வகையில், குழலில் உள்ள சிறுதுளை வழியே வரும் வாயு பிஸ்டனைத் தள்ளி போல்ட்டைத் திறக்கிறது. தோட்டா இலேசானால் தள்ளும் வலு குறைவு. அதில் கரி, உரசல், தேய்ந்த வளையம் ஏதாவது சேர்ந்தால் போல்ட் பாதியிலேயே நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும்:

காலி ஓடு அறையிலேயே இருந்தால் அறை அழுக்கு, அல்லது ஓட்டை இழுக்கும் கொக்கியின் நுனியில் கரி.

ஓடு வெளியேறும் வாயில் சிக்கி நின்றால் போல்ட் போதிய தூரம் பின்னே போகவில்லை. பிஸ்டனைத் துடையுங்கள், வளையத்தைப் பாருங்கள்.

ஓடு போய்விட்டது, அடுத்த தோட்டா வரவில்லை என்றால் அதே குறை இலேசாக இருக்கிறது. அல்லது மேகசின் அடைப்பு அளவு மீறி நீளம்.

போல்ட் மூடாமல் நின்றால் மேலே சொன்ன கட்டைச் சுருள்வில்.

1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதன் மேகசின் குழாயின் பள்ளத்தில் ஒரு ரப்பர் ஓ-ரிங் உண்டு. அது வெடித்தாலோ தட்டையானாலோ இலேசான தோட்டா ஓடவே ஓடாது. ஒன்று கூடுதலாகக் கைவசம் இருக்கட்டும். பிஸ்டனையும் வாயு கசியாமல் அடைக்கும் அதன் வளையத்தையும் கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறினால் தொல்லை.

பிஸ்டனில் எண்ணெய் ஊற்றுவது நம்மவர்களின் பொதுவான பழக்கம். சூட்டில் அந்த எண்ணெயே கரியாகும். கரைப்பானில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்த்திப் போடுங்கள். எண்ணெய் போல்ட் தண்டவாளங்களுக்கு மட்டும். துரு பயம் என்றால் குழலின் வெளிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

வாயுத்துளையைப் பெரிதாக்கும் வெளிநாட்டு வீடியோக்கள் நிறைய. அது குழலில் கைவைப்பது. முதல் பகுதியில் சொன்னதுதான். இயந்திரக் கணக்கிலும் தவறு: ஒருநாள் கனமான தோட்டா போட்டால் போல்ட் வேகமாகப் பின்னே அடித்து ரிசீவரையே பதம் பார்க்கும். புதுத் துப்பாக்கியை முதலில் "கனமான தோட்டாவில் பழக்கு" என்ற ஆலோசனையும் ரேஞ்ச் அனுமதிக்கும் தோட்டாவுக்குள்தான்.

மேகசின் அடைப்பு

போட்டி விதியில் மேகசினில் ஒரு தோட்டாவுக்கு மேல் நுழையக்கூடாதபடி அடைத்திருக்க வேண்டும். துப்பாக்கியுடன் வரும் அடைப்பு பெரும்பாலும் மேகசினில் இரண்டு நிற்கும்படி அமெரிக்கப் பறவை வேட்டைக்கு வெட்டியது, அது போதாது. நீளமான அடைப்பு ஒன்றைக் கிடங்குப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பொருத்திய பிறகு வெடிமருந்து இல்லாத போலித் தோட்டாவால் அவர் முன்னிலையில் சோதியுங்கள்.

கேட்டவர்களுக்காகப் பிறகு சேர்த்தவை

பெனெல்லி போன்ற நிலைம (இனர்ஷியா) வகையில் வாயுவே இல்லை. துப்பாக்கி பின்னே உதைப்பதை வைத்துத்தான் போல்ட் திறக்கிறது. அதனால் அதில் எடை ஏற்றினாலும், தோளில் தளர்வாக வைத்தாலும் 24 கிராமில் நிற்கும். உதை குறையட்டும் என்று எடைக்குண்டு மாட்டியவர்களுக்கு அதைக் கழற்றுவதே மருந்து.

ரவை எங்கே விழுகிறது என்று பார்க்கத் தாள் பலகைக்கு ரேஞ்ச் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 76 செ.மீ. வட்டம், 36.5 மீட்டர், ஒரே புள்ளியைக் குறிவைத்து ஐந்து தாள். ஒரே தாளை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஃபுல் சோக்கில் ஏறக்குறைய 70 விழுக்காடு ரவை வட்டத்துக்குள் இருக்க வேண்டும். 24 கிராம், ரவை அளவு ஏழரை எண் தோட்டாவில் மொத்தம் 300-க்குச் சற்றுக் குறைவான ரவை இருக்கும்.

ட்ராப் வரிசையில் உங்கள் காலி ஓடு வலப்பக்கத்துக்காரரின் மேல் பறக்கும். ஓடுபிடிக்கும் கிளிப் ஒன்றை வாங்கி ரிசீவர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். ரப்பர் வளையத்தை இழுத்துக் கட்டும் வீட்டுவைத்தியம் போல்ட்டில் சிக்கும்.