பூனை காணோமா? பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு மட்டும் திரும்பாதீர்கள்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் எங்கள் ஏரியா வாட்ஸப் குழுக்களைத் திறந்தாலே வயிற்றைப் பிசைகிறது. "ஆரஞ்சு கலர் பூனை, நேத்து ராத்திரி வெடிச்சத்தத்துல பயந்து ஓடிடுச்சு, யாராவது பார்த்தா சொல்லுங்க." அடுத்து ஒரு வெள்ளைப் பூனை. அடுத்து ஒரு குட்டி. தமிழ்நாட்டில் 2018 முதல் காலை ஒரு மணி நேரம், இரவு ஒரு மணி நேரம் என்றுதான் பட்டாசுக்கு அனுமதி. ஆனால் பூனையை விரட்ட ஒரே ஒரு சரவெடி போதும்.

சென்னையில் நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் பக்கம் காணாமல் போன பூனைகளைத் தேடிக்கொடுக்கும் வேலையை நண்பர்கள் சிலரோடு பல வருடங்களாகச் செய்துவருகிறேன். புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் எங்களைக் கூப்பிடும்போது பெரும்பாலும் சில நாள் ஓடிப்போயிருக்கும். அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் அதே தவறுகள்தான் நடந்திருக்கும். பால்கனிக்கு வலை அடிக்க வேண்டும், பட்டாசு நேரத்தில் ஜன்னலைச் சாத்த வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். பூனை போன பிறகு நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

"பூனைதானே, தானா வந்துடும்"

காத்திருக்காதீர்கள். முதல் இரவே இறங்கித் தேடுங்கள்.

எந்த மாதிரிப் பூனை என்று யோசிக்காமல் கிளம்புவது

வண்டியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசியுங்கள். உங்கள் பூனை வீட்டை விட்டு வெளியே போகாததா, தினமும் மதில் ஏறிப் போய்வருவதா?

காணாமல் போன 1,210 பூனைகளைப் பற்றி அவற்றை வளர்த்தவர்களிடம் விசாரித்துச் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. கிடைத்த பூனைகளில் நாலில் மூன்று பங்கு, தொலைந்த இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனைகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், பாதிக்குப் பாதி 39 மீட்டருக்குள் கிடைத்திருக்கின்றன. வெளியே போய்வரும் பூனைகளுக்கு அதே கணக்கு 300 மீட்டர். 40 அடி முகப்புள்ள ஒரு கிரவுண்டு மனைகள் இருக்கும் தெருவில், 39 மீட்டர் என்றால் மூன்று வீடுதான். வீட்டுப் பூனையைத் தேடி வேளச்சேரி வரை போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான்.

கருத்தடை செய்யாத கடுவன் என்றால் கதை வேறு. பெட்டை கத்தும் பக்கம் போய்விட்டு, நாள் கணக்கில் கழித்துக் காயத்தோடு வரும். அதற்கு மட்டும் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். மீன்கடை, கறிக்கடை, டீக்கடைகளில் சொல்லிவையுங்கள்.

பெயர் சொல்லிக் கத்துவது

"என் குரலைக் கேட்டா வராம இருக்குமா?" என்று கேட்பார்கள். வராது. பயந்து பதுங்கிய பூனை சத்தமே போடாது. குரல் கொடுத்தால் எதிரி கண்டுபிடித்துவிடும் என்று அதன் உடம்பு சொல்லும். அந்த நேரத்தில் நீங்கள் ஊட்டி வளர்த்த பாசம் உள்ளே புகாது. தெருப்பிள்ளைகளைத் திரட்டிக்கொண்டு "லட்டு, லட்டு" என்று ஊர்வலம் போனால் அது இன்னும் உள்ளே நகர்ந்துகொள்ளும். இரண்டு பேர் போங்கள். வீட்டில் பேசும் அதே தணிந்த குரலில் பேசிக்கொண்டே நடங்கள்.

"பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு வருவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்ற எல்லாத் தவறுகளையும் பொறுத்துக்கொள்வேன். இதைப் பார்த்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம். இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து வெடிச்சத்தத்துக்குப் பயந்து பூனை குதித்துவிட்டது. அக்கறை இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றே ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டியிருக்கிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் கதவு எண்களை எழுதி, கேட்ட வீட்டுக்கெல்லாம் டிக் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் "இல்லம்மா, நம்ம பக்கம் பூனையே வரல" என்றிருக்கிறார். அந்த வீட்டுக்கு ஒரு டிக். அதன் பிறகு போஸ்டர், வேளச்சேரி புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பில் விசாரணை, பக்கத்து ஏரியாக்களில் அலைச்சல்.

நாங்கள் போனபோது ஒரு வாரம் ஆகியிருந்தது. டிக் போட்ட முதல் வீட்டிலிருந்தே மறுபடி ஆரம்பித்தோம். "சார், நாங்களே ஒரு தடவை வீட்டைச் சுத்தி டார்ச் அடிச்சுப் பார்த்துக்கலாமா?" என்று கேட்டதும் பெரியவர் கேட்டைத் திறந்துவிட்டார். பின்பக்கச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே இருந்த சந்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அதற்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னின. எலும்பும் தோலுமாகக் கிடந்தது. தாடை உடைந்திருந்தது. கத்தவும் முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. தலைக்கு மேலே அதன் வீட்டுப் பால்கனி. "தினம் இங்கதானே துணி காயப்போட வரேன்" என்று பெரியவர் கலங்கிப்போனார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

முதல் நாளே அந்தச் சந்தில் குனிந்து பார்த்திருந்தால் தாடைக்கு மட்டும் வைத்தியம் பார்த்து முடித்திருக்கலாம். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலைக் கெடுத்துவிடும். கொழுத்த வீட்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதற்கும் அப்படித்தான் ஆனது. குழாய் வழியாக உணவு கொடுத்து, வாரக்கணக்கில் போராடி மீட்டார்கள். அந்த வேதனை முழுக்க ஒரு டிக் குறியால் வந்தது.

"பார்த்தீங்களா?" என்று கேட்டால், "என் கண்ணில் பட்டதா" என்பதற்குத்தான் பதில் கிடைக்கும். ஒளிந்திருக்கும் பூனை யார் கண்ணிலும் படாது. ஒளிவதே அதற்காகத்தான். அந்த 2018 ஆய்விலும், நேரில் இறங்கித் தேடியவர்களின் பூனைகள் உயிரோடு கிடைப்பதற்கான வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அடுத்தவர் வீட்டுக்குள் போய்த் தேடுவதா என்ற கூச்சம்தான் நம்மைத் தடுக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுப்பது பூனை.

கேட்கும் விதத்தில் கேட்டால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை. மதியத் தூக்கத்தில் எழுப்பாதீர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் போகாதீர்கள். பூனை என்றாலே சகுனம் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சாயங்காலம் நாலு, ஐந்து மணிக்குப் போங்கள். ஒரு பெண்ணும் கூட இருந்தால் நல்லது. "உங்களுக்குத் தொந்தரவு வேண்டாம், பத்து நிமிஷம் நாங்களே பார்த்துட்டுப் போயிடுறோம்" என்று சொல்லுங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை வரலாமா என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனால் மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூமில், ஏசி வெளி யூனிட்டுக்குப் பின்னால், பைப்புகள் ஓடும் டக்டில், ஜெனரேட்டர் அடியில், மூடிப்போட்ட ஸ்கூட்டருக்குள், தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையில் எல்லாம் முழங்காலிட்டுப் பாருங்கள். சம்ப் மூடி விலகியிருந்தால் உள்ளே டார்ச் அடியுங்கள். "எல்லாம் பார்த்தாச்சு சார்" என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னாலும் மோட்டார் ரூம் சாவியைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் சாவி யாரிடமாவது இருக்கும். வாரம் ஒருமுறை பெருக்க வரும் அக்காவுக்குத் தெரியும். கடைகளின் குடோன்களை விட்டுவிடாதீர்கள். சனிக்கிழமை இரவு ஷட்டர் இறங்கும்போது உள்ளே மாட்டிய பூனை திங்கள்கிழமை வரை அங்கேதான் கிடக்கும்.

மாடியிலிருந்து விழுந்திருந்தால் செத்திருக்கும் என்று முடிவு கட்டவும் வேண்டாம். நியூயார்க்கில் உயரமான கட்டிடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு பிழைத்தன. விழுந்த பூனை அருகில் கிடைக்கும் முதல் மறைவுக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். அந்த மறைவு பெரும்பாலும் அடுத்த வீட்டில்தான் இருக்கும்.

பகலில் அலைந்துவிட்டு இரவில் தூங்கிவிடுவது

இரவு இரண்டு மணிக்கு மேல், வண்டிச் சத்தமும் நாய்களும் அடங்கிய பிறகுதான் பதுங்கிய பூனை தலையை நீட்டும். டார்ச்சை இடுப்பருகே பிடிக்காமல் உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தோடு ஒட்டிப் பிடியுங்கள். பூனையின் கண்ணுக்குள் இருக்கும் ஒரு படலம், வந்த வெளிச்சத்தை வந்த திசையிலேயே திருப்பி அனுப்பும். வெளிச்சமும் உங்கள் பார்வையும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்த மினுமினுப்பு தெரியும். தெரு முனையிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். போலீஸ் ரோந்து வண்டி நின்று விசாரித்தால் பூனையின் போட்டோவைக் காட்டுங்கள்.

பகலில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காக்கைகள் ஒரே இடத்தைப் பார்த்துக் கூட்டமாகக் கத்தினாலோ, அணில் வாலை உதறிக்கொண்டு விடாமல் கீச்சிட்டாலோ, அந்த இடத்தில் பூனை இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் குழுவில் ஒரு அக்கா காக்கைச் சத்தத்தை வைத்தே மாமரங்களிலிருந்து பூனைகளை இறக்கியிருக்கிறார்.

மேலே பார்க்காதது

சன்ஷேடு. தண்ணீர்த் தொட்டி மேடை. தகர ஷெட்டின் கூரை. நிமிர்ந்து பாருங்கள்.

மண்பெட்டியை வாசலில் வைப்பது

பூனை மலஜலம் கழிக்கும் பெட்டியை வெளியே வைப்பதை இணையத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் செய்கிறார்கள். தன் வாசனையைப் பிடித்து வந்துவிடும் என்ற நம்பிக்கை. நம் தெருக்களில் அந்த வாசனைக்கு முதலில் வருவது தெருவின் ராஜாவான கடுவன்தான். அது உங்கள் வாசலில் மூத்திரம் அடித்துவிட்டு உட்கார்ந்துகொண்டால், பயந்த வீட்டுப் பூனை எப்படித் திரும்பும்? உணவு வைப்பதும் அப்படித்தான். கருவாடு வறுத்து வைத்தால் நாயும் காக்கையும் முந்திக்கொள்ளும். வைத்தால் இரவில் வையுங்கள், மறைவாக உட்கார்ந்து காவல் காருங்கள். முடியாவிட்டால் பழைய போனையாவது கேமராவாக வையுங்கள்.

கண்டதும் பாய்ந்து பிடிப்பது

பூனை கண்ணில் பட்டதும் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நேருக்கு நேர் முறைத்துப் பார்க்காதீர்கள். உணவுப் பாக்கெட்டின் சரசரப்பு அதற்குப் பழக்கம் என்றால் அதை எடுங்கள். அவசரப்பட்டுக் கையில் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைக் கடந்தால், ஒரு ஹார்ன் சத்தத்துக்கு உங்களைக் கீறிவிட்டுப் பாய்ந்துவிடும். அடுத்த முறை உங்களைப் பார்த்தாலே ஓடும். கூடை, இல்லாவிட்டால் கனமான தலையணை உறையாவது கையில் இருக்கட்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள். சொந்தப் பூனைதானே என்று விடாதீர்கள்.

போஸ்டரில் எல்லா அடையாளத்தையும் எழுதிவிடுவது

ஒரு அடையாளத்தை மட்டும் மறைத்து வையுங்கள். பின்னங்காலில் ஒரு புள்ளி, வால் நுனியில் ஒரு வளைவு, ஏதோ ஒன்று. "பூனை எங்ககிட்டதான் இருக்கு, ஜிபேல ஆயிரம் ரூபா போடுங்க, கொண்டுவரேன்" என்று போன் வரும். அந்த அடையாளத்தைக் கேளுங்கள், வீடியோ கேளுங்கள். பணம் முன்கூட்டியே கொடுக்கவே கூடாது. அழுதுகொண்டிருப்பவர்களிடம் பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

முகம் மட்டும் தெரியும் செல்லப் படத்தைப் போடாதீர்கள். வாலும் காலும் முதுகும் தெரிய நிற்கும் படம்தான் தெருவில் போகிறவருக்கு உதவும்.

"மைக்ரோசிப் இருக்கே"

பூனையின் தோலுக்கடியில் வைக்கும் அந்தச் சின்னச் சில்லு, பூனை இருக்குமிடத்தைச் சொல்லாது. யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவே.

பிடிக்காதவர் வீட்டில் சண்டைக்குப் போவது

பூனைத் தொந்தரவு தாங்காமல் கோணிப்பையில் கட்டி மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. 1960-ஆம் வருடத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைச் சொல்லி மிரட்டினால் அவர் வாயைத் திறக்க மாட்டார். எங்கே விட்டார் என்ற ஒரே தகவலும் போய்விடும். "யாராவது தெரியாம எங்கேயாவது கொண்டுபோய் விட்டிருந்தா, இடத்தை மட்டும் சொன்னா போதும், வேற எதுவும் கேக்கமாட்டோம்" என்று சொல்லிவிட்டு நம்பர் கொடுத்து வாருங்கள். இரவில் பேர் சொல்லாத போன் வரும். பெரும்பாலும் அவர் வீட்டம்மாதான் பேசுவார். சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள்.

தூய்மைப் பணியாளரிடம் கேட்கப் பயப்படுவது

வண்டியில் அடிபட்டுக் கிடப்பதை அப்புறப்படுத்துகிறவர்கள் அவர்கள்தான். விடியற்காலை வரும் அந்த அண்ணனிடமும் அக்காவிடமும் முதல் நாளே கேளுங்கள். பதில் கசப்பாக இருக்கலாம். தெரியாமல் மாதக்கணக்கில் தவிப்பதைவிட அது மேல். நல்ல சேதியும் பல நேரம் அவர்களிடமிருந்துதான் வருகிறது. தெருவின் ஒவ்வொரு பூனையும் அவர்களுக்குத் தெரியும்.

கிடைத்ததும் ஆசையாக வயிறு நிறைய ஊட்டுவது

சில நாள் பட்டினி கிடந்த பூனைக்குக் கொஞ்சம் தண்ணீர், ஒரு வாய் உணவு மட்டும் கொடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். வெளிக்காயம் இல்லாவிட்டாலும் காட்டுங்கள். வசதியில்லை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் சில நாள் தனி அறையில் வையுங்கள். வெளி வாசனையோடு வந்ததை அவை அந்நியன் என்று நினைத்துச் சீறும்.

பிறகு, ஒட்டிய போஸ்டர்களை எல்லாம் கிழித்தெடுங்கள். குழுக்களிலும் கிடைத்துவிட்டது என்று போடுங்கள். பழைய போஸ்டர்கள் சுவரில் கிடந்தால் அடுத்தவர் ஒட்டுவதை யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.