பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அபராதம் செல்லாதா? சலானை எதிர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போக்குவரத்து அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது எழுத்துப் பிழையைத்தான். பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தால் போதும், "சீட்டே செல்லாது, கட்டாதே" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். அதை நம்பிச் சும்மா இருந்துவிட்டு, கெடு முடிந்த பிறகு கூடுதலாகக் கட்டியவர்கள் உண்டு. இன்னொரு பக்கம், தங்கள் வண்டியே இல்லாத ஒரு சலானுக்கு "எதுக்கு வம்பு" என்று பணத்தைக் கட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். கையில் நியாயம் இருந்தும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

எல்லாப் பிழையையும் ஒரே தராசில் வைப்பதுதான் பெரிய தவறு. சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உங்களையே கேட்டுப் பாருங்கள்: இந்தப் பிழையால் எந்த வண்டி, எந்த இடம், எந்த நேரம், என்ன குற்றம் என்பதில் ஏதாவது மாறிப்போகிறதா? பெயரில் 'ன' போய் 'ண' வந்ததால் எதுவும் மாறவில்லை. முகவரியில் கதவு எண் தப்பினாலும் அப்படித்தான். ஆனால் பதிவெண்ணில் 3 என்பது 8 ஆகியிருந்தால் வண்டியே வேறு. சட்டப்பிரிவு சிக்னல் மீறலைச் சொல்ல, பக்கத்தில் எழுதிய விளக்கம் ஹெல்மெட்டைச் சொன்னால், எதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்பதே தெரியாது. இப்படிப்பட்ட பிழைகளுக்குத்தான் போராட வேண்டும்.

இதிலும் ஊருக்கு ஊர் சட்டம் மாறும். இங்கிலாந்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்கான 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123ஆவது பிரிவு, சம்மனில் உள்ள குறையை மட்டும் காட்டி ஆட்சேபிக்க இடம் தருவதில்லை. அந்தக் குறை உங்களைத் திசைதிருப்பியிருந்தால் வழக்கை ஒத்திவைப்பார்கள். நியூயார்க் நகரத்தின் பார்க்கிங் சீட்டுக்கு நிலைமை தலைகீழ். பதிவெண், பிளேட் வகை, பதிவு காலாவதியாகும் தேதி, வண்டியின் தயாரிப்பு, நேரம், இடம் என்று சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் ஒன்று விடுபட்டிருந்தாலோ தப்பாக இருந்தாலோ, நீங்கள் கேட்டால் சீட்டைத் தள்ளுபடி செய்ய வேண்டும். கேட்காவிட்டால் அது பாட்டுக்கு நிற்கும். அதனால் இன்னொரு நாட்டு அனுபவத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பகுதி விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.

அடுத்த தவறு, படத்தைப் பார்க்காமலே எதிர்ப்பது. கேமரா சலான் என்றால் படத்தைக் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கண்ணை நம்பர் பிளேட்டில் மட்டும் வைக்காதீர்கள். பிளேட்டை இறுக்கிய ஆணி எங்கே இருக்கிறது? இரண்டு எழுத்துக்கு நடுவே ஓர் ஆணித்தலை இருந்தால் படத்தில் அது எழுத்தின் ஒரு பகுதி மாதிரியே தெரியும். B எட்டாகவும், O சைபராகவும், 1 என்பது I ஆகவும் படிக்கப்படுவது வழக்கம். பிறகு வண்டியின் நிறம், விளக்கின் வடிவம், பம்பரில் உள்ள கீறல், பின்கண்ணாடி ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உங்கள் வண்டியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

2021இல் இங்கிலாந்தில் ஒரு தம்பதிக்கு, பல மைல் தூரத்தில் உள்ள பாத் நகரத்தில் பஸ் பாதையில் வண்டி ஓட்டியதாக நோட்டீஸ் வந்தது. அவர்கள் காரின் எண் KN19TER. படத்தைப் பார்த்தால் காரே இல்லை. நடந்துபோன ஒரு பெண் போட்டிருந்த டி-ஷர்ட்டில் 'KNITTER' என்று இருந்தது. தோளில் மாட்டிய பையின் வார் எழுத்துக்குக் குறுக்கே விழுந்திருக்க, அதைக் கேமரா பதிவெண்ணாகப் படித்துவிட்டது. நோட்டீஸ் ரத்தானது. படத்தைத் திறந்து பார்க்காமல் கட்டியிருந்தால் யாருக்கும் இது தெரிந்திருக்காது.

பிளேட் உங்களுடையதேதான், வண்டி மட்டும் வேறு என்றால் அது எழுத்துப் பிழை இல்லை. யாரோ உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். போலீசில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, அதன் நகலையும் ஆட்சேபத்தோடு இணையுங்கள்.

பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் வாதாடலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குச் சமம். கெடுவை விடுவதும் அதே அளவு ஆபத்து. 'வண்டி என்னுடையது இல்லையே, நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்' என்று இருந்தால், அதிகாரிகளின் பதிவேட்டில் நீங்கள் பதில் தராதவர். அவ்வளவுதான்.

ஆட்சேபக் கடிதம் எழுதுவதில்தான் நல்ல வழக்கையும் கெடுத்துக்கொள்கிறார்கள். "ரோட்டில் யாருமே இல்லை, அவசரத்தில் தாண்டிவிட்டேன். அதோடு சலானில் தேதியும் தப்பு" என்று எழுதினால் முதல் வரியே உங்களுக்கு எதிரான வாக்குமூலம் ஆகிவிடும். வீட்டுக் கஷ்டம், போலீஸ் பேசிய விதம் எல்லாம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கடிதத்தில் அவற்றுக்கு இடமில்லை. இப்படி எழுதினால் போதும்: "சீட்டில் உள்ள பதிவெண்ணின் கடைசி இலக்கம் 8. என் வாகனத்தின் கடைசி இலக்கம் 3. பதிவுச் சான்றின் நகலும் வண்டியின் படமும் இணைத்துள்ளேன். சீட்டை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." நாலு வரி. படிக்கிற அலுவலருக்கு அரை நிமிடத்தில் விஷயம் புரியும்.

சீட்டின் மேல் பேனாவால் எதையும் திருத்தவோ வட்டம் போடவோ வேண்டாம். பிழையோடு இருக்கும் அந்தத் தாள்தான் உங்கள் ஆதாரம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து, நகலை மட்டும் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ரத்து என்று பதில் வந்த பிறகும் சில வாரம் கழித்து இணையத்தில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடிதத்தில் ரத்து, கணினியில் இன்னும் பாக்கி என்று நிற்பது உண்டு. அப்படி இருந்தால் ரத்துக் கடிதத்தின் நகலோடு மறுபடியும் எழுதுங்கள்.