முதுகு ஊசிக்குப் பிறகு தூக்க மருந்து: அவசரத்தில் நேரும் தவறுகள்

நுவரெலியா பக்கம் சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சி. இடுப்பெலும்பு முறிந்த தோட்டத்துப் பாட்டி. சத்திரசிகிச்சைக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டுப் பத்து நிமிடம் ஆகிறது. தாடை கிடுகிடுவென ஆடுகிறது, கையை இழுக்கிறார், ஏதோ முனகுகிறார். "பயப்படுறாங்க, மிடசோலம் குடுங்க" என்று ஒரு குரல் வரும். மிடசோலம் பதற்றத்தைத் தணிக்கும் தூக்க மருந்து.

பாட்டி முனகியது "குளிருது சாமி" என்று. தமிழ் தெரிந்த ஒருவர் காது கொடுத்திருந்தால் கம்பளிதான் வந்திருக்கும், மருந்து அல்ல. முதுகு ஊசி கால்களின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உடலின் உள்வெப்பம் அங்கே ஓடிவிடுகிறது. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் நடுக்கம் கூடத்தான் செய்யும். முதலில் போர்த்துங்கள், சேலைனைச் சூடாக்கி ஏற்றுங்கள்.

நான் பார்த்ததில் மிக ஆபத்தான தவறு, அமைதியின்மைக்குக் காரணம் தேடாமல் மருந்து ஏற்றுவது. கொட்டாவி, குமட்டல், "என்னவோ செய்யுது" என்ற பேச்சு: இவை பிரஷர் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மூச்சு விடக் கஷ்டம், கைவிரல் மரத்துப்போவது என்றால் முதுகில் போட்ட மருந்தின் மரப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கலாம். இந்த நேரத்தில் தூங்க வைத்தால் எச்சரிக்கும் வாயை நாமே மூடுகிறோம். பிரஷர், நாடி, ஒட்சிசன், உடம்பு எதுவரை மரத்திருக்கிறது என்பது இவற்றைப் பார்த்த பிறகுதான் சிரிஞ்சைத் தொட வேண்டும்.

இன்னொன்று வலி. சத்திரசிகிச்சை இரண்டு மணித்தியாலத்தைத் தாண்டும்போது ஊசியின் வேகம் குறைய ஆரம்பிக்கலாம். மிடசோலத்துக்கு வலியை அடக்கும் சக்தி கிடையாது. வலியோடு அரைத்தூக்கத்தில் இருப்பவர் குழம்பிப்போய் இன்னும் அதிகமாக அசைவார். வலிக்கு வலி மருந்து. அதுவும் போதாவிட்டால் முழு மயக்கம்.

சரி, உண்மையிலேயே பயம்தான் என்றால்? வாலிபருக்குப் போடும் அளவை முதியவருக்குப் போடாதீர்கள். மிடசோலம் 0.5 முதல் 1 மில்லிகிராம், அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பொறுக்காமல் அடுத்ததை ஏற்றுவதால்தான் மூச்சு நிற்கிறது. கடுமையான வலி மருந்தான ஃபென்டனிலையும் சேர்த்தால் அந்த ஆபத்து பல மடங்கு. பிறகு முதியவர்களுக்குச் சித்தக் குழப்பமும் வரலாம். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு தூக்க மருந்து மூச்சை அவ்வளவாக அடக்காது, நடுக்கத்தையும் குறைக்கும். ஆனால் நாடித்துடிப்பை இறக்கும். முதுகு ஊசியும் அதையே செய்யக்கூடியது என்பதால், நாடி ஏற்கனவே மெதுவாக உள்ளவருக்கு அது வேண்டாம். புரொபோஃபோல் என்ற மயக்க மருந்து பிரஷரை இன்னும் கீழே தள்ளும்.

ஒட்சிசன் மாஸ்க் போட்டிருக்கும்போது விரலில் மாட்டிய ஒட்சிசன் அளக்கும் கருவி 98 சதவீதம் காட்டுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். மூச்சு குறைந்த பிறகும் அந்த எண் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பாருங்கள். கரியமில வாயு அளக்கும் கருவி இருந்தால் மாட்டுங்கள். குளிர்ந்த விரலில் கருவி சரியாகப் பிடிக்காது, தேய்த்துச் சூடாக்குங்கள்.

சிசேரியனில் குழந்தை வெளியே வரும்வரை பொதுவாகத் தூக்க மருந்தைத் தவிர்ப்போம். மிடசோலம் நினைவை அழிக்கும். குழந்தை அழுத முதல் சத்தம் தாய்க்கு மறந்தே போகலாம்.

தமிழ் பேசும் தாதி ஒருவரைத் தலைமாட்டில் உட்காரவைத்துப் பாருங்கள். "அம்மா, கால் மரத்துதான் போகும், பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டால், பலருக்கு அந்த 1 மில்லிகிராமும் தேவைப்படாது.