மாதிரிப் பாய்ப்படகுப் பந்தயம்: கரையிலேயே கோட்டைவிடும் தவறுகள்

ரிமோட்டில் ஓடும் பாய்ப்படகுகளின் கிளப் பந்தயத்தில் கடைசியாக வரும் படகு பெரும்பாலும் மோசமான படகாக இருக்காது. ஒரே அச்சில் வார்த்த படகுகள் ஓடும்போதும் முன்னும் பின்னும் அதே ஆட்கள்தான் வருகிறார்கள். வித்தியாசம் ஓட்டுபவரின் கையிலும் கரையில் செய்த ஆயத்தத்திலும் இருக்கிறது.

தவறுகளில் முதலிடம், பாயை அளவுக்கு மீறி இழுத்துப் பிடிப்பதற்குத்தான். காற்றை எதிர்த்து ஏறும்போது ரிமோட்டில் பாயை இயக்கும் குச்சியைக் கடைசிவரை இழுத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறார்கள். கரையிலிருந்து பார்க்கப் படகின் மூக்கு காற்றை நோக்கி அழகாக நிற்கும், ஏமாறுவது அங்கேதான். பாயின் பின்புறத்தில் காற்றோட்டம் பிய்ந்துபோய் வேகம் செத்துவிடும். வேகம் இல்லையென்றால் அடியிலுள்ள கீல் தகடும் தண்ணீரைப் பிடிக்காது; படகு முன்னேறுவதை விட்டுப் பக்கவாட்டில் நழுவும். ஐ.ஓ.எம். எனப்படும் ஒரு மீட்டர் வகுப்புப் படகில், குச்சி முழுக்க இழுத்த நிலையில் மெயின் பூமின் (பின்பக்கப் பாயின் அடிக்கட்டை) நுனி நடுக்கோட்டிலிருந்து சுமார் 10 மி.மீ., ஜிப் பூமின் (முன்பாயின் அடிக்கட்டை) நுனி சுமார் 50 மி.மீ. விலகி நிற்கட்டும். இது தொடக்க அளவுதான். காற்று மெலிந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒவ்வொரு முறை டேக் அடித்த பிறகும், அதாவது மூக்கைக் காற்றின் ஊடாக மறுபக்கம் திருப்பிய பிறகும், பாய்க் கயிற்றைச் சற்று விட்டு, படகு வேகம் பிடித்ததும் மெல்ல இழுங்கள். இதைப் பழகினாலே சில இடங்கள் முன்னேறலாம்.

பாய்க் கயிற்றை இழுத்து விடும் மோட்டாரான விஞ்சின் இருமுனை எல்லைகளை ரிமோட்டில் சரியாக அமைக்காதது அடுத்தது. கயிறு முழுதும் இறுகிய பிறகும் விஞ்ச் இழுக்க முயன்றால் 'ங்ங்' என்று முனகும். மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்துவிடும், கியரும் போகும். முனகல் கேட்டால் எல்லையைக் குறையுங்கள். ரிசீவரின் ஆண்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, கார்பன் பாகங்களை விட்டு விலகி இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரையும் கார்பனையும் ஊடுருவாது. கைக்கெட்டும் தூரத்தில் சோதித்துவிட்டுத் திருப்தியடைபவர்களின் படகுதான் பந்தயப் பாதையைக் குறிக்கும் தூர மிதவை அருகே தறிகெட்டு ஓடும்.

புறப்பாட்டில் நிற்கும் இடம் முக்கியம். புறப்பாட்டுக் கோட்டுக்கு நேராக, அதன் நீட்சியில் நில்லுங்கள். சாய்வாக நின்றால் உங்கள் படகு கோட்டைத் தாண்டியதா என்பது கண்ணுக்குத் தெரியாது. கடைசி நிமிடத்தில் 10 விநாடிக்கு ஒருமுறையும், கடைசி 10 விநாடியில் விநாடிக்கு ஒருமுறையும் அறிவிப்பு வரும். நின்ற படகு முழு வேகம் பிடிக்க எத்தனை விநாடி ஆகிறது என்று முன்கூட்டியே அளந்து வையுங்கள். அது தெரியாமல் கோட்டின் மேல் வந்து பாயைப் படபடக்கவிட்டு நிற்பவரை, பின்னாலிருந்து வேகத்தோடு வருபவர்கள் கடந்துவிடுவார்கள்.

விதிகளில் ஒன்று உடம்பில் ஊறியிருக்க வேண்டும்: காற்றை இடப்புறம் வாங்கும் படகு, வலப்புறம் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். கரையிலிருந்து படகுகளுக்கு இடையேயான தூரத்தைக் கண் தவறாகவே கணிக்கும். 'கடந்துவிடலாம்' என்று தோன்றும் இடத்தில் பாதி நேரம் மோதல்தான். சந்தேகமென்றால் முன்கூட்டியே டேக் அடியுங்கள். அல்லது காற்றிலிருந்து விலகி மற்றவரின் பின்புறமாகச் செல்லுங்கள். மிதவையைச் சுற்ற உட்புறப் படகு இடம் கேட்கக்கூடிய வட்டம் பெரிய படகுகளுக்கு வழக்கமாக மூன்று படகு நீளம். ரேடியோ படகுகளுக்கு நான்கு. தவறு உங்களுடையது, அல்லது மிதவையைத் தொட்டுவிட்டீர்கள் என்றால் உடனே விலகி ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள். அதற்குச் சில விநாடிகள் போதும். வாதாடிக்கொண்டே ஓட்டினால் கவனமும் போகும், பிறகு தகுதியிழப்பும் வரலாம். மற்ற படகைக் கூப்பிடும்போது அதன் பாய் எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொல்லுங்கள்: 15 என்றால் 'ஒன்று ஐந்து'. கூட்டத்தில் 'பதினைந்து' என்பது பதினாறு போலவும் கேட்கும்.

படகு உங்களை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். படகு போகும் திசைக்கே உடம்பைத் திருப்பி நின்று, தோளுக்கு மேல் பார்த்து ஓட்டினால் குழப்பம் குறையும்.

பலத்த காற்றில் பெரிய பாயையே பிடித்துத் தொங்குவது வீண் பிடிவாதம். பின்காற்றில் மூக்கு மீண்டும் மீண்டும் தண்ணீருக்குள் புதைந்தாலோ, சுக்கானைத் திருப்பியும் படகு தானாகக் காற்றை நோக்கித் திரும்பினாலோ அடுத்த அளவுச் சிறிய பாய்க்கு மாறுங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா பாருங்கள். குறைந்தபட்ச எடை 4 கிலோ என்றுள்ள வகுப்பில் 100 மி.லி. தண்ணீர் என்பது இரண்டரை சதவீதக் கூடுதல் சுமை. மேல்தள ஒட்டின் ஓரமும் சுக்கான் தண்டின் குழாயும்தான் வழக்கமான ஓட்டைகள். குழாய்க்குள் கொஞ்சம் கிரீஸ் தடவினால் போதும். கீலிலும் சுக்கானிலும் பாசி சுற்றியிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். வேகம் காரணமின்றிக் குறைந்தால், பாயின் அமைப்பில் கை வைப்பதற்கு முன் இந்த இரண்டையும் சோதியுங்கள்.