ஸ்டேஷனைச் சுற்றி வட்டம் போடாதீர்கள்

ஏரியில் வீடு கட்டக்கூடாது, நடைபாதை இல்லாமல் சாலை போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. விவரம் தெரிந்தவர்களும் சறுக்கி விழும் இடங்கள் வேறு. நகரத் திட்டமிடலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அங்கேயேதான் திரும்பத் திரும்ப விழுகிறார்கள்.

800 மீட்டர் வட்டம்

வரைபடத்தில் ரயில் ஸ்டேஷன் மேல் காம்பஸ் முள்ளை ஊன்றி 800 மீட்டருக்கு ஒரு சுற்று. உள்ளே விழுந்த வீடுகளெல்லாம் 'பத்து நிமிட நடை'. அறிக்கையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுவரைத் துளைத்துக்கொண்டு யாரும் நடப்பதில்லையே!

அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 2 சதுர கிலோமீட்டர். தெருக்கள் நெருக்கமாக, கட்டம் கட்டமாக இருந்தாலும் 800 மீட்டர் நடையில் எட்டுவது 1.28 சதுர கிலோமீட்டர்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கேயே போயிற்று. அதுவும் நல்ல தெரு அமைப்பில்! முட்டுச்சந்து, ரயில் பாதை, கால்வாய் என்று குறுக்கே வந்தால் இன்னும் சுருங்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடியில் நின்றால் ஸ்டேஷன் விளக்கு தெரிகிறது. நேர்க்கோட்டில் 250 மீட்டர். நடுவில் குடியிருப்பின் பின்சுவர், அதில் வாசல் கிடையாது. முன்வாசல் வழியாகச் சுற்றினால் 1,100 மீட்டர். நடக்கும் தூரத்தை நேர்த்தூரத்தால் வகுத்தால் 4.4. நெருக்கமான கட்டத் தெருக்களில் இந்த விகிதம் 1.41-ஐத் தாண்டாது.

தூரத்தோடு முடிவதில்லை. 120 விநாடிச் சுழற்சியில் நடப்பவருக்கு 20 விநாடி பச்சை விழும் சிக்னலில் சராசரிக் காத்திருப்பு சுமார் 42 விநாடி. அதற்குள் 55 மீட்டர் நடந்துவிடலாம். நடைமேம்பாலம் என்றால் 6 மீட்டர் ஏற்றம்: 15 செ.மீ. படியாக 40 ஏறி, 40 இறங்க வேண்டும். 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் (1:12) சாய்தளம் வைத்தால், இடைத்தளங்களைச் சேர்க்காமலே ஒரு பக்கத்துக்கு 72 மீட்டர். முட்டி வலிக்காரர் அந்தப் பக்கமே வரமாட்டார்.

பணம் எங்கே போகிறது? வட்டத்தை நம்பி மாடிகளைக் கூட்டி, வண்டி நிறுத்தும் இடத்தைக் குறைத்திருப்பார்கள். நடக்க முடியாதவர்கள் வண்டி வாங்குவார்கள். அந்த வண்டிகள் நடைபாதையில் ஏறி நிற்கும். மனைகள் விற்றுப்போன பிறகு சுவரில் ஒரு வழி திறக்க ஒவ்வொரு உரிமையாளரின் சம்மதத்துக்கும் அலைய வேண்டும். மனைப்பிரிவு வரைபடம் போடும்போதே செய்திருந்தால் அது வெறும் ஒரு கோடுதான். இதைச் சொல்லி வட்டத்தைத் திருத்தச் சொன்னால், ஆரத்தை 1,000 ஆக்கிக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

கட்டட வாசலிலிருந்து ஸ்டேஷன் நுழைவாயில் வரை தெருவழியாக அளந்து பாருங்கள். ஸ்டேஷனின் மையப்புள்ளி வரை அல்ல. அங்கே தண்டவாளம்தான் இருக்கும். முதியவர்களுக்கு விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்தால் பத்து நிமிடத்துக்கு 600 மீட்டர். அதில் சிக்னல் நேரத்தைக் கழியுங்கள். எட்டும் எல்லையை அப்புறம் வரையுங்கள், கோணல்மாணலாகத்தான் வரும். எங்கே உள்வாங்கியிருக்கிறதோ அங்கே 3 மீட்டர் அகலத்தில் நேரான நடைவழி ஒன்று ஒதுக்குங்கள். நுழையும்போதே மறுமுனை தெரிய வேண்டும், விளக்கும் வேண்டும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு பெண்கள் சுற்றியே போவார்கள்.

மழைத்தோட்டத்தின் வாய்

சாலையில் ஓடும் மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் சாலையோரத் தோட்டம்தான் மழைத்தோட்டம். அதில் மண்ணைக் குவித்துச் செடி நட்டால் தண்ணீர் உள்ளே எப்படிப் போகும்? மண் மட்டம் சாலை விளிம்பைவிட 15 செ.மீ. தாழ்ந்திருக்கட்டும். நீர் நுழையும் இடத்தில் உடனே 5 செ.மீ. இறக்கம் கொடுங்கள், இல்லையென்றால் முதல் மழையின் வண்டலே வாயை அடைத்துவிடும். மிகுநீர் வெளியேறும் மட்டம் மண்ணுக்கு மேலே, சாலைக்குக் கீழே. இரண்டு நாளுக்குள் நீர் வடிய வேண்டும். வெப்பமான நாட்களில் கொசு முட்டை வளர்ந்து பறக்க ஒரு வாரம் போதும்.

நிறுத்தத்தின் நிழல்

சூரியன் 30 டிகிரிக்கு இறங்கும்போது பேருந்து நிறுத்தத்தின் 2.5 மீட்டர் உயரக் கூரையின் நிழல் 4.3 மீட்டர் தள்ளி விழும். இருக்கை வெயிலில் காயும். மேற்கே மரம் வையுங்கள்.

பேருந்து ஒதுங்கக் குழிவு

பேருந்து ஒதுங்கி நிற்க நடைபாதைப் பக்கமாக உள்வாங்கி விடும் இடம் இது. வேகச் சாலை தவிர வேறெங்கும் வேண்டாம். உள்ளே போன பேருந்து வெளியே வர யாரும் வழிவிடுவதில்லை.

நடைபாதை அகலம்

கம்பம், மின்பெட்டி, மரக்குழி எல்லாம் போக மிஞ்சுவதை அளந்து எழுதுங்கள். அது 1.8 மீட்டராவது இருக்க வேண்டும்.