மூளை ஸ்கேனில் லேபிள் போடும் மாடல்: பிழை எங்கே நுழைகிறது?

எம்ஆர்ஐ படத்தில் தலாமஸ், ஹிப்போகாம்பஸ் முதலிய பகுதிகளைப் பிரித்துக் காட்டும் மாடல் சொதப்பினால், பலரும் நெட்வொர்க்கைத்தான் முதலில் மாற்றிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பகுதி என்று எண்ணால் குறிக்கும் லேபிள் கோப்பைத் திறந்து பார்ப்பவர் குறைவு.

ரீசாம்பிள் செய்யும்போதே (புள்ளி அளவை மாற்றும்போதே) சிக்கல் தொடங்கிவிடும். படத்துக்கு, அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து சராசரியாக்கும் லீனியர் முறை பொருந்தும், லேபிளுக்குப் பொருந்தாது. அங்கே இருக்கும் எண் அளவு அல்ல, அடையாளம் மட்டுமே. மூளைப் பகுதிகளைத் தானாகப் பிரிக்கும் ஃப்ரீசர்ஃபர் மென்பொருளின் எண் அட்டவணையில் இடது பக்கவாட்டு வென்ட்ரிக்கிள் (திரவம் நிறைந்த அறை) 4, அதை ஒட்டியுள்ள இடது தலாமஸ் 10. எல்லையில் இரண்டும் சரிபாதியாகக் கலந்தால் 7 வரும். அது இடது சிறுமூளை வெண்பொருளின் எண்! ஆகவே லேபிளுக்கு, மிக அருகிலுள்ள புள்ளியின் எண்ணை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் முறைதான். புதிய எண் ஏதும் வந்திருக்கிறதா என்று மட்டும் தேடினால் இந்தக் கலப்பு பிடிபடாது, ஏனென்றால் 7 பட்டியலில் ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு லேபிளின் கனஅளவையும் முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது இடம் வலம் மாறுவது. மூளை ஏறக்குறைய சமச்சீரானது, அதனால் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பயிற்சியில் படத்தை இடவலமாகப் புரட்டினால் இடது ஹிப்போகாம்பஸின் 17, வலதின் 53 ஆக வேண்டும். 53 அப்படியே 17 ஆக வேண்டும். இத்தகைய மாடல்களைப் பயிற்றும் என்என்யூ-நெட் கருவி இயல்பாகவே புரட்டும், ஆனால் எண்களை மாற்றாது. கணிக்கும்போதும் புரட்டிய படங்களின் முடிவைச் சராசரியாக்கும். இருபக்கத்துக்கும் தனி லேபிள் வைத்திருந்தால் அதன் 'நோ மிரரிங்' (புரட்டாத) ட்ரெயினரையே எடுங்கள். அச்சுத் திசையிலும் கவனம் தேவை: படக் கோப்பைப் படிக்கும் நிரல் நூலகங்களில் நிபேபல் ஆர்ஏஎஸ் (அச்சுகள் வலம், முன், மேல் நோக்கி), ஐடிகே எல்பிஎஸ் (இடம், பின், மேல் நோக்கி). திசைத் தகவல் உள்ள ஹெடரை விட்டுவிட்டு வெறும் அர்ரேயை (எண் அடுக்கை) ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தினால் பக்கம் மாறிவிடலாம்.

பயிற்சி, சோதனைப் பிரிப்பு நோயாளிவாரியாகவே இருக்க வேண்டும். ஒருவரின் ஸ்லைஸ்கள் (ஸ்கேனின் வெட்டுப்படங்கள்) இருபுறமும் சிதறினால் மதிப்பெண் பொய்யாக உயரும். பல மாதம் கழித்து எடுத்த மறுஸ்கேனும் அதே நபருடையதுதான்.

கணிப்பும் சரியான லேபிளும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் டைஸ் மதிப்பெண்ணில் பின்புலத்தைச் சேர்க்காதீர்கள். பகுதிவாரியாகத் தனித்தனியே சொல்லுங்கள். அமிக்டலா போன்ற சிறிய பகுதியில் எல்லை ஒரு வாக்சல் (முப்பரிமாணப் புள்ளி) விலகினாலே டைஸ் நன்றாகச் சரியும், பெரிய பகுதியில் அதே விலகல் அவ்வளவாகத் தெரியாது. எல்லைப் பிழைக்கு 95-ஆம் சதமான ஹவுஸ்டார்ஃப் தூரமும் (இரு எல்லைகளுக்கு இடையிலான தூரங்களில் 95% எந்த அளவுக்குள் அடங்குகின்றன என்பது) வேண்டும். ஃப்ரீசர்ஃபர் தானாகப் போட்ட லேபிளை விடைத்தாளாக வைத்தால், உயர்ந்த டைஸ் காட்டுவது மாடல் ஃப்ரீசர்ஃபரைப் போலச் செய்கிறது என்பதை மட்டுமே, அதன் தவறுகள் உட்பட. சோதனைக்குச் சில ஸ்கேன்களாவது நிபுணர் கையால் வரைந்தவையாக இருக்கட்டும். அவற்றில் 5 மி.மீ. ஸ்லைஸ் தடிப்புள்ள மருத்துவமனை ஸ்கேன்களும் இருக்கட்டும்.